கனவுக் காரும் கைக்கெட்டும் காரும்: தமிழ்நாட்டுக் கார் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு தனி வகை இந்தியச் சட்டத்தில் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் போர்ஷே 911-உம் மாருதி ஸ்விஃப்டும் இலகுரக மோட்டார் வாகனங்கள்தான். இரண்டையும் ஓட்ட ஒரே உரிமம் போதும். வேறுபாடு, கார் யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. அன்றாடக் காரை வரையும் பொறியாளர் ஐந்து பேருக்கு இடம், டிக்கியில் பைகள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், வேகத்தடையில் அடிவாங்காத உயரம் என்று தொடங்குகிறார்; ஓட்டுபவரின் மகிழ்ச்சி கடைசியில் வருகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அந்த வரிசை தலைகீழ். முதலிடம் ஓட்டுபவருக்கு, மற்றவர்களுக்கும் பைகளுக்கும் மிச்சமிருக்கும் இடம்.

இரண்டு கார்களையும் எண்களில் வைத்துப் பார்க்கலாம். 2024-இல் புதுப்பிக்கப்பட்ட 911 கரேராவின் எஞ்சின் 394 குதிரைசக்தி தருகிறது. காரின் எடை சுமார் ஒன்றரை டன். அதே ஆண்டு வந்த புதிய ஸ்விஃப்டின் எஞ்சின் 82 குதிரைசக்தி. எடை சுமார் 920 கிலோ. டன்னுக்கு எத்தனை குதிரைசக்தி என்று கணக்கிட்டால் போர்ஷேவுக்கு ஏறத்தாழ 260, ஸ்விஃப்டுக்கு ஏறத்தாழ 90. அதாவது மூன்று மடங்கு. ஷோரூம் விலையோ ஒன்றுக்குச் சுமார் 2 கோடி ரூபாய், மற்றதற்குச் சுமார் 6 லட்சத்தில் தொடக்கம். முப்பது மடங்குக்கு மேல். மூன்று மடங்கு திறனுக்கு முப்பது மடங்கு பணம் என்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கலை அபத்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பணத்தில் ஒன்றல்ல, மூன்று சரக்குகள் வாங்கப்படுகின்றன: வேகம், ஓட்டும் சுகம், உடைமைப் பெருமை. மூன்றையும் பிரித்து எடைபோட்டால்தான் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியும்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேக வரம்புகளின்படி, கார்களுக்கு அதிவேக விரைவுச் சாலைகளில் மணிக்கு 120 கிலோமீட்டர், நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100, நகராட்சி எல்லைக்குள் 70. மாநிலங்களும் காவல்துறையும் இதைவிடக் குறைவாக நிர்ணயிக்கலாம். பல இடங்களில் நிர்ணயித்திருக்கின்றன. மேலே சொன்ன 911 நின்ற நிலையிலிருந்து 100-ஐ எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் 4.1 விநாடி. திருச்சி நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் நான்கு விநாடியில் சட்டம் அனுமதிக்கும் வேகம் தீர்ந்துவிடும். அந்தக் காரின் உச்ச வேகம் 294. அதில் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாட்டின் எந்தப் பொதுச் சாலையிலும் செலவழிக்க முடியாத பணம்.

சட்டத்தை விடவும் கண்டிப்பானது இயற்பியல். ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டிப்பானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்கு. நல்ல டயர், காய்ந்த சாலை, முழு பிரேக் என்ற நிலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்கச் சுமார் 45 முதல் 50 மீட்டர் வேண்டும். 200-இல் சென்றால் 180 முதல் 200 மீட்டர். இது பிரேக்கை மிதித்த பிறகான கணக்கு. குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண்டு கால் பிரேக்குக்கு மாற ஒரு விநாடி ஆனாலும், 100-இல் 28 மீட்டரும் 200-இல் 56 மீட்டரும் அதற்குள் ஓடியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடுத்தடுப்பின் இடைவெளிகள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள், இரவில் விளக்கில்லாத டிராக்டர்கள் எல்லாம் இந்த இரண்டு நிறுத்தும் தூரங்களுக்கு இடையில்தான் இருக்கின்றன.

உச்ச வேகம் என்ற எண் எவ்வளவு அரிதாகப் பயன்படுகிறது என்பதற்குப் புகாட்டி வேரான் நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் விற்பனைக்கு வந்த அந்தக் காருக்கு 16 சிலிண்டர், 1,001 குதிரைசக்தி, 400-ஐத் தாண்டும் வேகம். அந்த வேகத்தில் விடாமல் ஓட்டினால் 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 12 நிமிடத்தில் தீர்ந்துபோகும். 400-ஐத் தொட வேண்டுமானால் ஃபோக்ஸ்வேகன் குழுமம் ஜெர்மனியில் வைத்திருக்கும் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தைப் போலப் பல கிலோமீட்டர் நீளும் நேர்கோட்டுச் சாலை வேண்டும். அத்தனை நீளத் தடம் எந்த ஆர்வலரின் வீட்டருகிலும் இல்லை.

முடுக்கமாவது ஸ்போர்ட்ஸ் காரின் தனிச்சொத்தா என்றால், மின்சாரக் கார்கள் வந்தபின் அதுவும் கைநழுவிவிட்டது. மின்மோட்டார் சுழலத் தொடங்கிய கணத்திலேயே முழு முறுக்குவிசையையும் தரும். கியர் மாற்றும் இடைவெளியும் கிடையாது. செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான பிஇ 6 என்ற எஸ்யூவியின் பெரிய பேட்டரி வகை 100 கிலோமீட்டர் வேகத்தை 6.7 விநாடியில் எட்டும் என்கிறது நிறுவனம். 1976-இல் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்த, ஃபோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு அதற்கு ஏறத்தாழ 9 விநாடி தேவைப்பட்டது. குடும்பத்தோடு திருப்பதி போய்வரும் வண்டி, நேர்கோட்டில் அன்றைய கனவுக் காரை முந்திவிடும். வேகத்தின் விலை இறங்கிவிட்டது. ஆகவே வேகத்துக்காக மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் காரணம் வலுவிழந்துவிட்டது.

இரண்டாவது சரக்கு, ஓட்டும் சுகம். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் முன்பக்கம் திரும்புகிறதா, வளைவில் டயர் எப்போது பிடியை விடப்போகிறது என்பதைக் கை உணர்கிறதா, கியர் நெம்புகோல் தயங்காமல் விழுகிறதா, பிரேக் மிதித்த அளவுக்குப் பிடிக்கிறதா என்பவை சேர்ந்ததுதான் அது. இவற்றில் எதையும் குதிரைசக்தி தருவதில்லை. எடை குறைவு, தாழ்ந்த புவியீர்ப்பு மையம், இறுக்கமான உடற்கூடு, நன்றாக அமைக்கப்பட்ட சஸ்பென்ஷன் ஆகியவையே தருகின்றன. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஒரு உள்ளங்கை அகலம்தான். திருப்புவது, நிறுத்துவது, முடுக்குவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்க வேண்டும். கார் கனமாக ஆக ஆக அந்தப் பரப்பின் மீது சுமை ஏறும். அதை ஈடுகட்டப் பெரிய டயர், பெரிய பிரேக், பெரிய எஞ்சின் என்று சங்கிலி நீளும்.

இந்தச் சங்கிலியை எதிர்த்திசையில் அவிழ்த்தவர்களே ஸ்போர்ட்ஸ் கார் வரலாற்றில் நிலைத்திருக்கிறார்கள். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் கார்கள் எல்லாம் எடைக்குறைப்பிலிருந்தே பிறந்தன. மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வைத்த எம்எக்ஸ்-5 வெறும் 1.6 லிட்டர் எஞ்சின் கொண்டது. சுமார் 116 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. இன்றைய நடுத்தர எஸ்யூவி பலவற்றைவிடக் குறைந்த திறன். ஆனால் 2016-க்குள் பத்து லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டு, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற பெயரைப் பெற்றது. டொயோட்டாவும் சுபாருவும் 2012-இல் கொண்டுவந்த ஜிடி86-க்கு, டொயோட்டாவின் சிக்கன ஹைபிரிட் காரான பிரியஸில் போடப்படும் அதே ரக டயரைப் பொருத்தினார்கள். பிடி குறைவான, மெல்லிய டயர். அதனால் மிதமான வேகத்திலேயே கார் வழுக்கத் தொடங்கும், ஓட்டுபவர் அதைக் கட்டுப்படுத்தும் வித்தையை அனுபவிக்கலாம். சுகத்துக்குத் தேவை பிடியின் அளவு அல்ல, பிடி விடும் தருணம் முன்கூட்டியே தெரிவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் காரும் அன்றாடக் காரும் எதிரெதிர் இனங்கள் என்ற எண்ணத்தையும் வரலாறு ஏற்பதில்லை. போர்ஷே பெயர் தாங்கிய முதல் காரான 356, 1948-இல் ஆஸ்திரியாவின் குமுண்ட் ஊரில் உருவானபோது அதன் எஞ்சினும் சஸ்பென்ஷனும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலிருந்து வந்தவை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளியான மினி, பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்துச் சிக்கனக் கார். 848 சிசி எஞ்சின். பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் கைவைத்த பிறகு அதே மினி 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. கோல்ஃப் ஜிடிஐயில் 5,000 கார்கள் விற்றால் போதும் என்று ஃபோக்ஸ்வேகன் திட்டமிட்டது. 110 குதிரைசக்தியும் கட்டம் போட்ட இருக்கைத் துணியும் கொண்ட அந்தச் சிறு கார், முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்தைத் தாண்டியது. காலையில் அலுவலகம், மாலையில் மலைப்பாதை என்ற இரட்டை வாழ்க்கைக்கு ஏற்ற ஹாட் ஹேட்ச் என்ற பிரிவு அதன் வெற்றியால்தான் வேரூன்றியது.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறு இதே உண்மையை உள்ளூர்ச் சான்றுகளோடு சொல்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஃபியட் போன்ற குடும்பக் கார்களும் ஓடின. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் உள்ளே இருந்தது மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சினை வைத்தே இந்தியாவில் ஒரு தலைமுறை பந்தயம் கற்றது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அந்தக் காரில் தொடங்கி, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். பின்னர் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் எஞ்சின். 2010-இல் ஃபோக்ஸ்வேகன் தொடங்கிய போலோ கோப்பையில் முதலில் கார்கள் ஓடியது டீசலில். டாக்சி வரிசையில் பார்த்துப் பழகிய டொயோட்டா எட்டியோஸுக்கும் தனிப் பந்தயத் தொடர் இருந்தது.

இந்தியாவில் மலிவான, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கான முயற்சிகளும் நடந்தன. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் கோவாவில் தயாரித்த சான் ஸ்டார்ம், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட கூரை திறந்த சிறு கார். 2012 டெல்லி கண்காட்சியில் வைக்கப்பட்ட டிசி அவந்தி, ரெனோவின் 2 லிட்டர் டர்போ எஞ்சினை நடுவில் கொண்டது. இரண்டும் பெருவாரியாக விற்கவில்லை. ஒரே கார் வைத்திருக்கும் குடும்பம் இரண்டு இருக்கைக்குப் பணம் கொடுக்காது. இரண்டாவது கார் வாங்கும் வசதியுள்ளவர் வெளிநாட்டுப் பெயரைத் தேடுவார். ஆகவே இங்கே ஆர்வலர்களின் ஏக்கத்தைத் தணித்தவை குடும்ப உடலில் வலுவான எஞ்சின் பொருத்திய கார்களே: மறைமலைநகரில் தயாராகி 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரத்தோடு வந்த ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, போலோ ஜிடி டிஎஸ்ஐ, 145 குதிரைசக்தி கொண்ட அபார்த் புன்டோ. இன்று அந்த இடத்தில் நிற்பவற்றுள் ஒன்று ஹூண்டாய் ஐ20 என் லைன். 1 லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைசக்தி, கெட்டியான சஸ்பென்ஷன். அது தயாராகும் தொழிற்சாலையும் மெட்ராஸ் பந்தயத் தடமும் ஒரே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கின்றன.

மூன்றாவது சரக்கு உடைமைப் பெருமை. இதை வீண் ஆசை என்று இகழ வேண்டியதில்லை. சுவரொட்டியில் பார்த்து வளர்ந்த ஒரு காரை வாசலில் நிறுத்திப் பார்க்கும் மகிழ்ச்சி, வீணை வாசிக்காதவரும் நல்ல வீணையை வாங்கி வைக்கும் மகிழ்ச்சியைப் போன்றது. ஆனால் அதன் விலை என்ன என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ஷோரூம் விலை அந்தக் கணக்கின் முதல் வரி மட்டுமே.

வரியிலிருந்து பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் கார்களுக்கான ஜிஎஸ்டி இரண்டு படிகளாகச் சுருங்கியது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலாக இருந்தால் 1,200 சிசிக்கும் டீசலாக இருந்தால் 1,500 சிசிக்கும் மிகாத எஞ்சினும் கொண்டவற்றுக்கு 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5. முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்குச் சுங்க வரியே காரின் அடக்க விலையைத் தாண்டிவிடும். இதன் விளைவைக் கோல்ஃப் ஜிடிஐ காட்டுகிறது. 2025-இல் இறக்குமதியாகி இங்கே விற்பனைக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 53 லட்சம் ரூபாய். ஐரோப்பாவில் ஆசிரியரும் செவிலியரும் தவணையில் வாங்கி ஓட்டும் கார், சென்னைக்கு வந்ததும் கனவுக் காராகிவிட்டது. கார் மாறவில்லை, கடந்து வந்த எல்லை மாற்றிவிட்டது.

அடுத்த வரி, மாநிலத்தின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் தமிழ்நாடு இதை உயர்த்தியபின், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு விலையில் 20 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம். 53 லட்ச ரூபாய்க் காருக்குச் சாலை வரி மட்டும் 10 லட்சத்து 60 ஆயிரம். அந்தப் பணத்துக்கு ஓர் ஐ20 என் லைனே ஷோரூமிலிருந்து வெளியே வரும். 2 கோடி ரூபாய்க் காருக்குச் சாலை வரி 40 லட்சம். பக்கத்து மாநிலத்தில் பதிவு செய்து இங்கே ஓட்டலாம் என்ற யோசனையைத் தரகர்கள் சொல்வதுண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. போலி முகவரியில் மிச்சம் பிடித்த வரி அபராதத்தோடு திரும்பக் கேட்கப்படும்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியம் பெரிய சுமையில்லை. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சிசிக்கு மேல் எத்தனை பெரிய எஞ்சினாக இருந்தாலும் 7,897 ரூபாய். செலவு ஏறுவது சொந்தச் சேதத்துக்கான பகுதியில். அது காரின் காப்பீட்டு மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஐந்தாம் ஆண்டு முடியும்போது வழக்கமான தேய்மான அட்டவணைப்படி பாதியாகிவிடும். 6 லட்ச ரூபாய்க் காரில் அந்தப் பாதி 3 லட்சம். 2 கோடி ரூபாய்க் காரில் 1 கோடி. சந்தையில் சில அரிய மாடல்கள் இதைவிட நல்ல விலைக்குப் போகலாம். ஆனால் அந்த எதிர்பார்ப்பை வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

கடனின் கணக்கும் எளிது. 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு 10 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 20,760 ரூபாய். 40 லட்சம் வாங்கினால் ஏறத்தாழ 83,000. மொத்த வட்டி கிட்டத்தட்ட 9 லட்சத்து 80 ஆயிரம். கனவுக் காருக்காகக் கட்டும் வட்டியில் ஒரு நல்ல அன்றாடக் கார் அடங்கிவிடுகிறது.

பிறகு ஓட்டச் செலவு. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயரின் அகலம் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும். முன் டயரின் அளவு வேறு. அதனால் தேய்மானத்தைச் சமன்செய்ய முன்னதைப் பின்னுக்கு மாற்றும் வழக்கமான வேலை இங்கே நடக்காது. பிடிக்காக மென்மையான ரப்பரில் செய்யப்படுவதால் சாதாரண டயர் தாங்கும் கிலோமீட்டரில் பாதிகூடத் தாங்காமல் போகலாம். பிரேக் டிஸ்க்கும் அப்படியே. உதிரிபாகம் ஊரில் கிடைக்காது. கப்பலிலோ விமானத்திலோ வரும்வரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஸ்விஃப்டின் கிளட்சை மாற்றத் தெருமுனை மெக்கானிக்குக்கு அரைநாள் போதும்.

தமிழ்நாட்டுச் சாலையில் இந்தக் கார்களின் அன்றாடச் சோதனை வேகத்தடை. இந்தியச் சாலைகள் மாநாட்டமைப்பின் நெறிமுறைப்படி, 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தாழ்வான காரும் உரசாமல் ஏறி இறங்கும். கோயில் வாசலிலும் பள்ளி முனையிலும் ஊரார் போட்டுக்கொள்ளும் தடைகளோ ஒரு முழ அகலத்தில் சுவர்போல எழும்பி நிற்கின்றன. ஸ்விஃப்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் 120 மில்லிமீட்டரை ஒட்டி. இதற்காகவே சில நிறுவனங்கள், பொத்தானை அழுத்தினால் காரின் மூக்கு நான்கு சென்டிமீட்டர் உயரும் ஏற்பாட்டைக் கூடுதல் விலைக்குத் தருகின்றன. தடைக்கு முன் வேகத்தைக் குறைத்து, பொத்தானை அழுத்தி, மூக்கு எழும்வரை காத்து, குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் பழகிவிடும் என்று சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. காரை மாதத்துக்கு இரண்டு விடியற்காலைகளில் மட்டும் வெளியே எடுப்பவர்களும் உண்டு.

செலவைக் குறைக்க இரண்டு குறுக்கு வழிகள் அடிக்கடி பேசப்படுகின்றன. ஒன்று, பழைய ஸ்போர்ட்ஸ் கார். பல ஆண்டுகள் ஓடிய ஜெர்மன் கார் புதிய நடுத்தர எஸ்யூவியின் விலைக்குக் கிடைக்கும். ஆனால் காரின் விலை இறங்குமே தவிர உதிரிபாகத்தின் விலை இறங்காது. கியர்பாக்ஸ் பழுதானால் அது இன்னும் கோடி ரூபாய்க் காரின் கியர்பாக்ஸ்தான். முழு சர்வீஸ் பதிவேடு, காப்பீட்டுக் கோரிக்கைகளின் வரலாறு, ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, வாங்கும் விலையில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்க முடிந்தவருக்கே இது ஏற்ற வழி.

மற்றது, அன்றாடக் காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுவது. இதில் சட்டத்தின் கோடு தெளிவாக இருக்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாக நிலைநிறுத்தியது. எஞ்சின் மாற்றம், உடற்கூட்டு வெட்டு, காதைக் கிழிக்கும் சைலன்சர் ஆகியவை அபராதத்தோடு காப்பீட்டுக் கோரிக்கையையும் கெடுக்கும். கோட்டுக்கு உள்ளேயே செய்யக்கூடியவை ஏராளம்: உற்பத்தியாளர் அனுமதித்த அளவில் நல்ல டயர், தரமான பிரேக் பேடு, புது பிரேக் ஆயில், சரியான வீல் அலைன்மென்ட், வாரந்தோறும் பார்க்கும் காற்றழுத்தம். ஓட்டும் சுகத்தில் ரூபாய்க்கு ரூபாய் அதிகப் பலன் தருபவை இவைதான்.

வேகத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் பந்தயத் தடம். இந்த விஷயத்தில் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தமிழ்நாடு கொடுத்துவைத்தது. 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதனின் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீடுவே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளைவுகள் நெருக்கமானவை, சிறு எஞ்சின் கார்களுக்கு ஏற்றவை. பயிற்சிப் பள்ளிகளும், சொந்தக் காரோடு தடத்தில் இறங்கும் நாட்களும், மண் மைதான ஆட்டோகிராஸ் போட்டிகளும் அவ்வப்போது நடக்கின்றன. ஹெல்மெட், நல்ல பிரேக், காரின் தகுதிப் பரிசோதனை ஆகியவை நுழைவு நிபந்தனைகள். எதிரே வண்டி வராது, நடைபாதையில் யாரும் இல்லை, தடம் மாறினால் மணல். பிழையின் விலை அங்கே மிகக் குறைவு.

தடத்தில் ஒருநாள் கழித்தவர்கள் எல்லோரும் கண்டுகொள்ளும் உண்மை ஒன்று உண்டு. முதல் சுற்றுகளில் காரின் குறை போலத் தோன்றியதெல்லாம் பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்தபின் ஓட்டுநரின் குறையாக மாறும். வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்வது, பார்வையை வளைவின் முடிவுக்குக் கொண்டுபோவது, ஸ்டீயரிங்கைக் குறைவாகவும் மெதுவாகவும் திருப்புவது என்ற மூன்று பழக்கங்கள் அதே ஸ்விஃப்டை ஒரு சுற்றில் பல விநாடிகள் வேகமாக்கும். 82 குதிரைசக்தியை முழுதாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் 394-ஐப் பாதி பயன்படுத்துபவரைவிட அதிகம் அனுபவிக்கிறார்; பாதுகாப்பாக வீடு திரும்பும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். இந்தத் திறமைக்குச் சாலை வரி கிடையாது, தேய்மானமும் கிடையாது.

ஆகவே ஆர்வலர்கள் முடிவெடுக்கும் வரிசை இப்படி அமைவது நல்லது. வீட்டில் ஒரே கார் என்றால் அது அன்றாடக் காராக இருக்கட்டும்; அந்த வரம்புக்குள் எடை குறைந்த, கையால் கியர் மாற்றும், ஸ்டீயரிங் பேசும் கார் எது என்று ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். விளம்பரத்தில் உள்ள குதிரைசக்தியைவிடக் கால் மணி நேரச் சோதனை ஓட்டம் உண்மையைச் சொல்லும். மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு டயருக்கும் பிரேக்குக்கும், இரண்டாவது பயிற்சிக்கும் தடத்துக்கும். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் தீர்ந்து, இரண்டாவது காருக்கு இடமும் வருமானமும் இருக்கும்போது கனவுக் காரைக் கணக்கில் எடுக்கலாம்; அப்போது பார்க்க வேண்டியது ஷோரூம் விலையை அல்ல, சாலை வரி, வட்டி, காப்பீடு, டயர், தேய்மானம் எல்லாம் சேர்ந்த ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையை. திணறாமல் அந்தக் கூட்டுத்தொகையைத் தாங்க முடிந்தவர் தயங்க வேண்டியதில்லை. அவர் தன் சொந்த மாநிலத்தில் பதிவு செய்து, அதன் வேகத்தை இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ செலவழித்து, பொதுச் சாலையில் மற்ற எல்லோரையும் போல ஓட்டினால் போதும்.

அன்புடன்,
கார்களைப் பற்றி எழுதும் ஒருவர்